இருபத்து நான்காவது தட்டு

வெள்ளிக்கிழமைக்குள் கணக்குச் சொல்லிவிடுங்கள் என்கிறாள்
விருந்துச் சமையலுக்கு நாங்கள் பேசிவைத்த சுல்மா.
பதினொரு வயது வரை பாதி விலை.
பன்னிரண்டைத் தொட்டுவிட்டால்
முழு மனிதர், முழு மாட்டிறைச்சி.

சால்ட்டோவில் ரயில்வே கிளப்பின் கூடத்தை
மார்ச் இரண்டாம் சனிக்கு எடுத்திருக்கிறோம்.
எங்கள் ஊர்க் கல்யாணத்தில்
நள்ளிரவு நெருங்கினால்தான் பெரியவர்களுக்குப் பசிக்கும்.
பிள்ளைகள் ஒன்பது மணிக்கே
மேஜை விரிப்பைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.
ஆகவே முதல் பந்தி அவர்களுக்கு.

என் மடியில் நோட்டு.
யமந்தூவின் கையில் மாத்தே குடுவை,
உறிஞ்சி உறிஞ்சி வெந்நீர் தீர்ந்து
வெறும் சத்தம் வருகிறது.
தகரக் கூரையில் மழை.

மிலனேசாவும் உருளை வறுவலும் போதும்,
எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடும் என்றாள் சுல்மா.
எல்லாப் பிள்ளைகளும் என்றொரு பிள்ளை
உலகத்தில் இல்லை, சுல்மா.

ஹொவீட்டாவின் மகளுக்குக் கோதுமை ஆகாது.
ரொட்டித்தூள் பறந்து விழுந்தாலும் மூன்று நாள் படுக்கை.
அவளுக்குத் தனி எண்ணெய், தனிக் கரண்டி,
மற்றவர்களுடையதைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு கேக் துண்டு.
(கடைசியது அவள் அம்மா கேட்டதல்ல, அவளே கேட்டது.)
பென்ஹமினின் தட்டில் சோறும் தக்காளியும்
எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் போர்.
டெல்ஃபினா, தக்வாரெம்போ பண்ணையில்
கன்றுக்குட்டி ஒன்றுக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து
இறைச்சி உண்பதில்லை.
பிளாசுக்கு வாழைப்பழம். அவ்வளவுதான். வாழைப்பழம்.
நஹுவேலை என்ன செய்வது?
என் பர்ஸ் அவனைப் பதினொன்று என்கிறது,
அவன் உதட்டின் மேல் முளைத்திருப்பது பதின்மூன்று என்கிறது.
முழுத் தட்டு என்று எழுதினேன்.
அரும்பு மீசையை அவமதித்துவிட்டு
அவனோடு எப்படி நடனமாட முடியும்?

மொத்தம் இருபத்து மூன்று.

யமந்தூவும் விரல் விட்டு எண்ணினான்.
எண்ணி முடித்த பின்னும்
ஒரு விரல் மடங்கவில்லை.
"இன்னொன்று இருக்கிறது" என்றான்.
"பைசாண்டூவில். அப்பாவின் பையன். ஆறு வயது."
பெயர் சீரோ என்று சொல்ல
இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

சுல்மாவின் படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
பெயர், வயது, ஆகாதது.
உறவுக்குக் கட்டம் இல்லை, நல்லவேளை.
முதல் இரண்டை நிரப்பினேன்.
மூன்றாவதை அவன் பார்த்தான், நான் பார்த்தேன்.

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த எண்ணை அழைத்தான்.
நலமா இல்லை. கல்யாணம் என்றும் இல்லை.
எடுத்த எடுப்பில்,
"அவன் என்ன சாப்பிடுவான்?"

அந்தப் பக்கம் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.
பிறகு ஒரு கிழக்குரல், ரொம்ப மெதுவாக:
"எல்லாம் சாப்பிடுவான்.
பட்டாணிதான். பட்டாணியை மட்டும்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
தட்டின் விளிம்பில் வரிசையாக…"
முடிக்கவில்லை.

கழுவாமல் கிடந்த மதியத் தட்டுகளை நான் திரும்பிப் பார்த்தேன்.
மேலே இருந்தது யமந்தூவுடையது.
விளிம்பில் ஏழு பட்டாணி,
இடைவெளி பிசகாமல்.

நீங்களும் வருகிறீர்களா என்று இவன் கேட்கவில்லை,
வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.
ஆறு வயதுப் பிள்ளை பைசாண்டூவிலிருந்து
தனியே பஸ் ஏறி வர முடியாது என்பது
எங்கள் மூவருக்கும் தெரியும்.
பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டி
ஒரு கோடு போட்டு வைத்தேன்.
பென்சிலால்தான்.

சுல்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
ருஷ்ய சாலட்டில் பட்டாணி வேண்டாம்.
கூட்டத்துக்கே வேண்டாமா, எத்தனை தட்டுக்கு என்று
சிடுசிடுப்பாய்த் திருப்பிக் கேட்டாள்.
இரண்டு என்று அடித்தேன்.
ஒன்று பெரிய தட்டு.